நூலகம் கழிக்கும் சிடி, டிவிடி, கேசட் டப்பாக்கள்: சேலத்தில் முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு

பொறியியல் பாடப்புத்தகத்தோடு ஒட்டி வந்த சிடி, மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு கொடுத்த சிடி, குழந்தைகள் பிரிவுக்கு வாங்கிய பாட்டு டிவிடி, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் கேசட். கல்லூரி, பள்ளி நூலகம் எதில் நுழைந்தாலும் இவை ஓர் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். போட்டுப் பார்க்க டிரைவ் உள்ள கணினி பல இடங்களில் இல்லை. வட்டுகளை ஒரே ஃபோல்டரில் அடுக்கிவிடலாம். இடத்தை அடைப்பது டப்பாதான். சாதாரண சிடி டப்பாவின் தடிமன் 10 மி.மீ., டிவிடி டப்பா 14 மி.மீ. ஆக 200 சிடி டப்பா 2 மீட்டர் தட்டை விழுங்கும், 200 டிவிடி டப்பா 2.8 மீட்டரை.

வாசகர் வட்டத்தில் யாராவது “நாங்கள் எடுத்துக்கொண்டு ஏதாவது செய்கிறோம்” என்று சொன்னால், பெரும்பாலும் அடுத்த வாரமே ஜிகினா ஒட்டிய பேனா ஸ்டாண்டு வந்து நிற்கும். ஆறு மாதத்தில் அதுவும் குப்பைக்குப் போகும். பசை, ஜிகினா, துணி எல்லாம் ஒட்டிப் போனதால் காயலான் கடைக்காரரும் எடுக்கமாட்டார். அதனால் என்ன செய்யலாம் என்ற யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பதை முதலில் பாருங்கள். செய்யக்கூடியது எது, கூடாதது எது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

## 1. அனுமதி, பதிவேடு

நூலகத்தில் ஒரு பொருள் வீணாகக் கிடந்தாலும், இருப்புப் பதிவேட்டில் அதற்கு எண் இருந்தால் அது கணக்கில் உள்ள பொருள். “சும்மாதானே கிடக்கிறது, எடுத்துப்போங்கள்” என்று ஊழியர் வாயால் சொல்வது போதாது. தணிக்கையில் அவர்தான் மாட்டிக்கொள்வார்.

பொது நூலகத் துறையின் கிளை நூலகம் என்றால் கிளை நூலகர் தானாக முடிவெடுத்துக் கொடுக்க முடியாது. மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதி, நூலகர் வழியாகவே அனுப்புங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கு, கல்லூரி என்றால் நூலகர் வழியாக முதல்வருக்கு. மனுவில் இருக்க வேண்டியவை: டப்பா வகை, வகைவாரி எண்ணிக்கை, வட்டும் சேர்ந்தா டப்பா மட்டுமா, எதற்காகக் கேட்கிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள், விற்றுவரும் பணம் யாருக்கு. கடைசி வரியை எழுதாமல் விட்டால் பேச்சு வரும். நூலகத்துக்கே கட்டிவிடுவதாக எழுதிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

மார்ச் மாதத்தில் கேட்காதீர்கள். கணக்கு முடிப்பு, இருப்புச் சரிபார்ப்பு என்று எல்லோரும் தலைக்கு மேல் வேலையோடு இருப்பார்கள். சரிபார்ப்பு முடிந்து, கழிக்க வேண்டியவற்றின் பட்டியல் தயாராகும் நேரம்தான் சரியான நேரம். உங்கள் மனு அந்தப் பட்டியலோடு சேர்ந்து போகும்.

வட்டை வைத்துக்கொண்டு டப்பாவை மட்டும் கழிக்கிறார்கள் என்றால் ஒரு பொறி இருக்கிறது. பார்கோடும் சேர்க்கை எண்ணும் (பதிவேட்டில் உள்ள எண்) பெரும்பாலும் டப்பா மேல்தான் ஒட்டியிருக்கும். டப்பாவைப் பிரித்த மறுநிமிடம் அந்த வட்டு அனாதை. பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு வட்டிலும் எண்ணை எழுதிவிடுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையத்தில், சிடி மார்க்கர் பேனாவால். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். சிடியில் தகவல் இருக்கும் அலுமினியப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அழுத்தி எழுதினால் போய்விடும். டிவிடியில் படலம் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும்.

மாணவர் புராஜெக்ட் சிடிகளில் பெயர், பதிவு எண், கைபேசி எண் எல்லாம் இருக்கும். டப்பாவின் காகிதத்திலும் இருக்கும். அந்தக் காகிதங்களைக் கிழித்துத் தனியாக வையுங்கள். வட்டும் கழிகிறது என்றால் பெயர் அச்சிட்ட பக்கத்தை ஆணியால் நான்கைந்து இடத்தில் ஆழமாகக் கீறிவிட்டால் போதும். கையால் ஒடிக்காதீர்கள், கண்ணாடித் துண்டு மாதிரி தெறிக்கும்.

## 2. எது என்ன பிளாஸ்டிக்

உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டே வகை.

ஒடியும் வகை, பாலிஸ்டைரீன். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் சாதாரண சிடி டப்பா, அதில் பாதி தடிமன் உள்ள மெல்லிய சிடி டப்பா, ஆடியோ கேசட் டப்பா மூன்றும் இதுதான். சிடி டப்பாவுக்குள் வட்டைப் பிடிக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தட்டும் இதே. விரலால் சுண்டினால் “டிங்” என்று கேட்கும். வளைத்தால் வெள்ளைக் கோடு விழுந்து படக்கென்று ஒடியும். முக்கோணக் குறி இருந்தால் உள்ளே 6.

வளையும் வகை, பாலிபுரொப்பிலீன். டிவிடி டப்பா, புத்தகம் போலத் திறக்கும் விஎச்எஸ் (வீடியோ கேசட்) டப்பா, டிவிடி டப்பாவின் மேல் காகிதத்தைப் பிடித்திருக்கும் தெளிவான உறை இவை. சுண்டினால் மந்தமான ஒலி, மடித்தாலும் ஒடியாது. குறி 5.

குறியே இல்லாமல் சந்தேகம் வந்தால் வாளியில் போட்டுப் பாருங்கள். பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். முழு டப்பாவைப் போட்டால் உள்ளே காற்று நின்று எல்லாமே மிதந்து ஏமாற்றும். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, குமிழ் ஒட்டாமல் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மூழ்கியதை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்புக் கரைத்த நீரில் போட்டால் பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும். வட்டின் பாலிகார்பனேட்டும் பிவிசியும் அதிலும் மூழ்கியே கிடக்கும்.

பிவிசி எங்கே வருகிறது என்றால், ஜிப் வைத்த பழைய சிடி ஃபோல்டர்களின் பக்கங்களிலும் புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டிய பைகளிலும். புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும். அதைத் தனி மூட்டையில் போடுங்கள். சூடுகாட்டவோ மற்ற பிளாஸ்டிக்கோடு கலக்கவோ கூடாது.

மற்றவற்றுக்கு நான்கு அரிசிச் சாக்கு போதும்: தெளிவான ஒடியும் பிளாஸ்டிக், நிறமுள்ள ஒடியும் பிளாஸ்டிக், வளையும் பிளாஸ்டிக், காகிதமும் அட்டையும். தெளிவானதையும் கறுப்பையும் கலந்துவிட்டால் தெளிவானதற்குத் தனி மதிப்பு இல்லாமல் போகும்.

## 3. கழற்றுவதும் லேபிள் எடுப்பதும்

நேரம் அதிகம் தின்னும் வேலை இதுதான். ஒரு டப்பாவுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். 200 டப்பாவுக்கு 10 மணி நேரம். இரண்டு பேர் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் முடியும்.

சிடி டப்பாவின் மூடியை 90 பாகைக்குத் திறந்து, கீல் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கை ஒன்றைக் கட்டைவிரலால் மெல்ல வெளிப்பக்கம் தள்ளினால் முளையிலிருந்து விடுபடும். மூடியைப் பிடித்து இழுத்தால் முதலில் உடைவது அந்தக் கைதான். அது உடைந்த டப்பா எதற்கும் ஆகாது, நேராக விற்கும் சாக்குக்கு. பிறகு உள்தட்டைக் கீல் ஓரத்தில் நகத்தால் நெம்பினால் வந்துவிடும். அதற்கடியில் பின்பக்கக் காகிதம் இருக்கும். பலர் இதை எடுக்க மறந்து அப்படியே விற்றுவிடுகிறார்கள். காகிதம் உள்ள பிளாஸ்டிக் இரண்டாந்தரம்.

அடுத்து, திருட்டைத் தடுக்க ஒட்டிய பாதுகாப்புப் பட்டை. மெல்லிய காந்தப் பட்டையோ, சுருள் சுருளாக உலோகக் கோடு தெரியும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரோ இருக்கும். எடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் நீங்கள் செய்து கொடுக்கும் பெட்டியோடு வேறொரு நூலகத்தின் வாசலைக் கடக்கும் குழந்தையைப் பார்த்து கேட் கத்தும். எடுத்தவற்றை ஒரு கவரில் போட்டு, கல்லூரியின் மின்கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

காகித லேபிளுக்கு முதலில் சூடு. சித்திரை வெயிலில் சேலம் மொட்டை மாடியில் கால் மணி நேரம் வைத்தாலே பசை இளகிவிடும். ஏற்காடு மலை மேல் என்றால் ஹேர் டிரையர்தான். கொதிநீரில் போடாதீர்கள், பாலிஸ்டைரீன் 100 பாகைக்குப் பக்கத்தில் இளகிவிடும் என்பதால் சிடி டப்பா கோணிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டு நீர் போதும். லேபிளைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள், பிளேடால் அல்ல.

மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். தடவி அரை மணி விட்டு, துணியால் துடைத்து, பாத்திர சோப்பில் கழுவினால் போய்விடும். அவசரம் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். எதையும் முதலில் ஒரு டப்பாவின் உள்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள்.

இங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தெளிவான மூடி நொடியில் பனிபடர்ந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதைத் திருப்ப முடியாது. ஏற்காட்டில் இன்னும் இரண்டு ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கடையில் விற்கும் நீலகிரித் தைலமும் ஆரஞ்சுத் தோலும். “இயற்கைப் பொருள்தானே” என்று தடவுவார்கள். ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் உள்ள லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். தைலமும் அதைப் பதம்பார்க்கும். டிவிடி டப்பா மேல் தைலத்தைத் தடவித் துடைத்தால் ஒன்றும் ஆகாது. சிடி டப்பா பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மலையில் ஈரம் காரணமாகப் பின்பக்கக் காகிதத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துப் பிரியுங்கள். பூஞ்சைக் காகிதத்தைச் சேர்த்துவைக்க வேண்டாம். கழுவிய டப்பாவைக் கீல் கீழே வரும்படி சாய்த்து வைத்தால் இடுக்கில் நிற்கும் நீர் வடியும். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. முடிந்தால் கழுவும் வேலையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. வெட்டாமலே பயன்படும் வழிகள்

முதல் உரிமை நூலகத்துக்கே. இன்னும் வட்டுகளை இரவல் கொடுக்கும் நூலகம் இருந்தால், கீறல் இல்லாத டப்பாக்களில் பத்தில் ஒரு பங்கை மாற்று டப்பாவாக எடுத்துவையுங்கள்.

ஆடுபுலியாட்டப் பெட்டி. டிவிடி டப்பாவுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. டப்பாவின் வெளி உறைக்குள் போகும் காகிதத்தின் அளவு 273 × 183 மி.மீ. ஏ4 தாளில் கட்டத்தை வரைந்து அச்சிட்டு, நீளத்தில் 24 மி.மீ., அகலத்தில் 27 மி.மீ. வெட்டி எறிந்தால் அப்படியே நுழையும். டப்பாவை முழுக்கத் திறந்து கவிழ்த்து வைத்தால் அதுவே பலகை. நடுவில் 14 மி.மீ. முதுகு வரும், அதன் இரு ஓரக் கீல் கோட்டின்மேல் காய் வைக்கும் புள்ளி விழாதபடி வரையுங்கள், இல்லையென்றால் காய் சரியும். உள்ளே 3 புலிக்கு 3 சட்டைப் பொத்தான், 15 ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. கழற்சிக்காய் தடிமன், டப்பா மூடாது. வட்டைப் பிடிக்கும் நடுக் குமிழைக் கட்டிங் பிளேயரால் கத்தரித்து, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220-ஆல் முடியுங்கள். தேய்க்காமல் விட்டால் குழந்தை விரலைக் கிழிக்கும்.

அழித்து எழுதும் பலகை. அதே உறைக்குள் அ, ஆ புள்ளிக்கோட்டுத் தாளையோ வாய்ப்பாட்டையோ செருகினால், மேலே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உலர்துணியால் அழிக்கலாம். அன்றன்றே அழிக்க வேண்டும். நாள்கணக்கில் விட்டால் ஸ்பிரிட் தேவைப்படும். பெர்மனென்ட் மார்க்கர் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அங்கன்வாடிக்குக் கொடுப்பதாக இருந்தால் மார்க்கரையும் சேர்த்தே கொடுங்கள். வெறும் பலகை மூலையில் கிடக்கும்.

அலமாரிப் பெயர்ப்பலகை. சிடி டப்பாவின் உள்தட்டை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தை நுரை வைத்த இருபக்க டேப்பால் இரும்பு ரேக்கின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடி புத்தகம் போலத் திறக்கும், 119 மி.மீ. சதுரத் தாளில் “புதிய வரவு”, “தமிழ் இலக்கியம்” என்று எழுதி மூடியின் உள்பக்க நாக்குகளில் செருகிக்கொள்ளலாம். தாளை மாற்ற ஒரு நிமிடம். ரேக்கின் தூசியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒட்டினால் ஒரே வாரத்தில் விழும்.

முளைப்புப் பெட்டி. பள்ளி நூலகத்துக்கு. உள்தட்டு இல்லாத சிடி டப்பாவில் நான்கு மடிப்பு டிஷ்யூ தாளை நனைத்து விரித்து, மேல் ஓரத்திலிருந்து 4 செ.மீ. கீழே ஐந்தாறு பச்சைப்பயறோ வெந்தயமோ வரிசையாக வையுங்கள். மூடி, கீல் பக்கம் கீழே வரும்படி நிறுத்தி, அடியையும் இரு பக்கத்தையும் செல்லோ டேப்பால் அடையுங்கள். மேல் ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகிச் சின்ன இடைவெளி விட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் முளை முட்டி வளையும், அழுகவும் செய்யும். கறுப்புத் தாள் சுற்றிவைத்து, பார்க்கும்போது மட்டும் எடுங்கள். வேர் கண்ணெதிரே இறங்கும். மூக்கடலையும் அவரையும் பெருத்துவிடும், தேவையில்லை. தண்ணீர் சொட்டு சொட்டாக. கீழே தேங்கினால் நாற்றம் வரும்.

கேசட் டப்பா. திறந்து பின்னால் மடக்கினால் கைபேசி நிற்கும் தாங்கி. தடித்த கவர் போட்ட போன் நுழையாது. அவ்வளவுதான் அதன் சிறப்பு. சின்னச் சாமான் பிரித்து வைக்கவும் ஆகும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் இருந்தால், திருகாணி, வளையம் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஓர இடுக்கு வழியாகச் சின்ன மணி உருண்டு வெளியேறும் என்பதால், இடுக்கை டேப்பால் அடைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

## 5. வெட்டுவதும் துளைப்பதும்

கருவிச் செலவு பெரிதில்லை. நல்ல கட்டர், இரும்பு ஸ்கேல், இரண்டு எண் உப்புத்தாள், குத்தூசி, தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. 500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கண்ணாடியை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒடியும் பிளாஸ்டிக்கை ஒரே வெட்டாக வெட்ட முடியாது. ஸ்கேலை வைத்து அதே கோட்டில் ஏழெட்டு முறை கீறி, கோட்டை மேசை விளிம்பில் வைத்து ஒரே அமுக்கு. ஓரம் கூராக இருக்கும், தேய்த்தே ஆக வேண்டும். துளை போட வேண்டுமென்றால் இருபுறமும் டேப் ஒட்டி, கை டிரில்லால் மெதுவாக. மெஷினை வேகமாக ஓட்டினால் விரிசல் ஓடிவிடும். சுட்ட ஊசியால் துளைப்பது எளிதுதான், ஆனால் வரும் புகை நல்லதல்ல, அறைக்குள் வேண்டாம்.

வளையும் பிளாஸ்டிக் கத்தரிக்கோலுக்கே வழிவிடும். அதன் பிரச்சினை வேறு: சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. ஃபெவிகால் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்துவரும், ஃபெவிக்விக் ஒரு நாள் நிற்கும். டிவிடி டப்பாவில் எதைச் சேர்ப்பதானாலும் தையல், ரிவெட், சின்ன நட்டு போல்ட் இவைதான். பாலிஸ்டைரீனில் ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

டிவிடி டப்பாவின் கீல் அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய மடிப்பு. எத்தனை முறை திறந்து மூடினாலும் தாங்கும். அதனால் குறிப்பேட்டு அட்டைக்கு இது அருமை. ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள்களை 250 × 180 மி.மீ.க்கு வெட்டி, 16 தாளை நடுவில் மடித்தால் 125 × 180 அளவில் 32 இதழ் கிடைக்கும். முதுகின் உள்பக்கம் மூன்று துளை: நடுவில் ஒன்று, அதிலிருந்து மேலும் கீழும் 6 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நடுத் துளையில் நுழைந்து, மேலே போய், கீழே வந்து, நடுவிலேயே முடிச்சு. 14 மி.மீ. முதுகில் இப்படி இரண்டு கட்டு அடங்கும். தையல் நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டில் கழிவு நூல் கிடைத்தால் நான்கு இழை முறுக்கினால்தான் தாங்கும். டப்பாவின் உள்பக்கக் கொக்கி, குமிழ் எல்லாவற்றையும் முதலில் நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் எழுதும்போது தாளில் மேடு தட்டும்.

செடிப் பெயர்த்தகடு. ஏற்காட்டில் நாற்று வளர்ப்பவர்களுக்கு. கறுப்பு டிவிடி டப்பாவையே எடுங்கள். கறுப்பு நிறம் தரும் கரித்தூள் வெயிலைத் தாங்க வைக்கும். தெளிவான பிளாஸ்டிக் வெளியில் சீக்கிரம் நொறுங்கும். ஒரு பலகையின் 190 மி.மீ. பக்கத்தில் 15 மி.மீ. அகலக் கீற்றாக 12 வெட்டலாம், இரண்டு பலகைக்கு 24. கொக்கி, குமிழ் இருக்கும் இடம் கழித்தால் 16 முதல் 18 தேறும். ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, எழுத்தை ஆணியால் கீறுங்கள். கறுப்பில் வெள்ளையாகத் தெரியும், மழைக்கும் அழியாது. மார்க்கர் எழுத்து வெயிலில் மங்கிவிடும்.

## 6. காகிதமும் அட்டையும்

பூஞ்சையில்லாத உறைக் காகிதம், விஎச்எஸ் அட்டை உறை இரண்டும் நூலகத்துக்குள்ளேயே வேலைக்கு ஆகும்: புத்தகக் குறி, தேதிச் சீட்டுப் பை. பசை வாங்க வேண்டாம். சேலத்தில் இருந்துகொண்டு மரவள்ளி மாவுக்குப் பஞ்சமா? 25 கிராம் மாவை 50 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 150 மி.லி. தண்ணீரைச் சூடாக்கி அதில் ஊற்றி, சிறுதீயில் கண்ணாடி நிறம் வரும்வரை கிளறுங்கள். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். இரண்டு நாளில் புளிக்கும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். பைண்டிங் செய்பவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் செய்யும் வேலைக்குச் சேர்க்கவே கூடாது. உறைக் காகிதத்தின் வழவழப்பான பக்கத்தில் இந்தப் பசை பிடிக்காது, பின்பக்கத்தில் தடவுங்கள்.

## 7. செய்யக் கூடாதவை

தின்பண்டம் போடாதீர்கள். இவை உணவுக்கான பிளாஸ்டிக் அல்ல.

சிடி டப்பாவில் விளக்குக் கூடு செய்தால் உள்ளே எல்இடி மட்டும். குண்டு பல்பு மூடியைக் கோணவைக்கும்.

குளிர் காய நெருப்பில் போடுவதை மலையில் பார்க்கலாம். பாலிஸ்டைரீன் எரிந்தால் கறுத்த புகையும் கரியும் பறக்கும், மூச்சுக்கு ஆகாது. பிவிசி இன்னும் மோசம்.

பறவை விரட்ட வட்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிடுவது பழகிப்போன வழி. சில வாரத்தில் பறவைக்கும் பழகிவிடும், பிறகு அலுமினியம் உதிர ஆரம்பிக்கும். அடிக்கடி இடம் மாற்ற முடியாதென்றால் வேண்டாம். சாலையோரத் தோட்டம் என்றால் கட்டவே கட்டாதீர்கள்: ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர் கண்ணில் பளிச்சென்று அடிப்பது சின்ன விஷயமில்லை.

## 8. மிச்சத்தை விற்பது

நேர்மையாகச் சொன்னால், பாதிக்கு மேல் இங்கேதான் வந்து சேரும். அதில் குறையொன்றும் இல்லை.

சின்ன மூட்டையாகக் கொண்டுபோனால் எதுவானாலும் “கலப்பு பிளாஸ்டிக்” என்று ஒரே விலை போடுவார்கள். வகைக்கு ஒரு மூட்டை நிறையும்வரை பொறுங்கள். முழு சிடி டப்பா 200 சேர்ந்தால் 35 லிட்டர் இடம் அடைக்கும். எடை ஏறக்குறைய 14, 15 கிலோ. மூடி, அடி, தட்டு என்று பிரித்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இடம் பாதியாகக் குறையும். ஏற்காட்டிலிருந்து இறக்குவதானால் இது முக்கியம். காற்றைச் சுமந்துகொண்டு அடிவாரம் வரை வருவதில் அர்த்தமில்லை. வேறு வேலையாகக் கீழே வரும் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

போவதற்கு முன் மூன்று கடையில் விலை கேளுங்கள். “சிடி டப்பா எடுப்பீர்களா” என்று கேட்காதீர்கள், துண்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். டிவிடி டப்பாவை எடுப்பவர்கள் ஒடியும் பிளாஸ்டிக்கை வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்போது அதையும் எடுக்கும் கடைக்கே மொத்தத்தையும் கொடுத்துவிடுங்கள், இரண்டு ரூபாய் குறைந்தாலும். இல்லையென்றால் விற்காத மூட்டை நூலகத்துக்கே திரும்பி வரும். வீட்டிலேயே எடைபோட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இடம் குறையட்டும் என்று சாக்குக்குள் போட்டு மிதிக்காதீர்கள். உடைந்த பாலிஸ்டைரீன் சாக்கைக் கிழித்துக்கொண்டு தூக்குபவர் கையைக் கிழிக்கும். உடைந்தவற்றை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, “உடைந்த பிளாஸ்டிக்” என்று எழுதுங்கள். மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் உலர்குப்பையாகக் கொடுப்பதானாலும் இதேதான்.

கடையில் சீட்டு கேட்டு வாங்குங்கள். தாளில் எடை, விலை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போதும். அதன் நகலை உங்கள் மனுவின் நகலோடு சேர்த்து நூலகரிடம் கொடுத்து, எத்தனை டப்பா வாங்கினீர்கள், எத்தனை பொருளாக மாறியது, எத்தனை கிலோ விற்றது என்ற மூன்று எண்ணையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே நூலகத்தில் போய் நிற்கும்போது இந்த ஒரு பக்கம் இருந்தால் மனு நகரும்.